இரண்டு குழாய்கள் சொல்லும் சேதி

சுட்டிகளே, ஒரு கேள்வி! காரில் ஹீட்டரைப் போட்டால் சூடான காற்று வருகிறதே, அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது?

"பேட்டரியிலிருந்து" என்று சட்டென்று சொன்னவர்கள் கொஞ்சம் பொறுங்கள். "எஞ்சினிலிருந்து இருக்குமோ?" என்று இழுத்தவருக்கு என் பாராட்டு. சபாஷ், அப்படித்தான் யோசிக்க வேண்டும்!

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லெட்வில் என்று ஒரு மலை ஊர் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கும் மேலே. குளிர்கால இரவுகளில் குளிர் மைனஸ் 15 டிகிரிக்கும் கீழே இறங்குவதுண்டு. இப்படிப்பட்ட மலைப்பக்கம் பனியிலும் கல்லிலும் ஏறி இறங்க, பழைய ஜீப் செரோக்கியை ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. 1984 முதல் 2001 வரை வந்த சதுர முகத்து மாடல் அது. வயதாக ஆக அதற்கு ஒரு நோய் வரும். ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்றுதான் வீசும்!

ஏன்? முதலில் சூடு போகும் வழியைப் பார்ப்போம்.

எஞ்சின் எரிக்கும் பெட்ரோலில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போவதே இல்லை. வெப்பமாக வீணாகிறது. கூலண்ட் என்ற திரவம் அந்த வெப்பத்தில் ஒரு பகுதியைச் சுமந்துபோய், முன்னால் உள்ள ரேடியேட்டரில் ஆற்றிவிட்டு வருகிறது. அதில் கொஞ்சம் கூலண்ட் மட்டும் ஒரு ரப்பர் குழாய் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள குட்டி ரேடியேட்டருக்குள் நுழைகிறது. இன்னொரு குழாய் வழியாக எஞ்சினுக்கே திரும்புகிறது. குட்டி ரேடியேட்டரின் மேல் ஃபேன் காற்றை ஊதுகிறது. அந்தக் காற்றுதான் நம் மேல் படும் சூடு. புரிந்ததா? புரியாவிட்டால் இந்தப் பத்தியை இன்னொரு முறை படியுங்கள், நான் காத்திருக்கிறேன்.

இப்போது மெக்கானிக் மாமா வருகிறார். எஞ்சினை ஓடவிட்டு, சூடானதும் கையுறையோடு அந்த இரண்டு குழாய்களையும் தொட்டுப் பார்க்கிறார். (நீங்கள் தொடக் கூடாது, சரியா?)

இரண்டுமே சுட்டால் கூலண்ட் ஒழுங்காக ஓடுகிறது. கோளாறு காற்றின் பக்கம். ஃபேனையோ, காற்றைத் திருப்பிவிடும் தடுப்பையோ பார்க்க வேண்டும்.

இரண்டுமே சூடேறாவிட்டால்? கூலண்ட் குறைந்திருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட்டின் குறும்பாக இருக்கலாம். மணி அடிக்கும்வரை பள்ளிக் கேட்டைத் திறக்காத வாட்ச்மேன் தாத்தா போன்றது அது. உள்ளே இருக்கும் மெழுகு, கூலண்ட் சுமார் 90 டிகிரி ஆனதும் உருகி விரிந்து, ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். அது திறந்தபடியே சிக்கிக்கொண்டால், எஞ்சின் சூடாவதற்குள் கூலண்ட் ஆறிப்போகும். ஹீட்டருக்கு வெதுவெதுப்புதான் மிஞ்சும்.

ஒன்று சுட்டு, மற்றது குளிர்ந்திருந்தால்? அட, கண்டுபிடித்துவிட்டீர்களே! நடுவில் அடைப்பு. குட்டி ரேடியேட்டரின் ஒடுக்கமான குழாய்களில் பல வருடத் துருவும் வண்டலும் படிந்திருக்கும்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மாமா இரண்டு குழாய்களையும் கழற்றுகிறார். வழியும் கூலண்டைத் தட்டில் பிடிக்கிறார். அது இனிக்கும், ஆனால் விஷம். நாயோ பூனையோ நக்கிவிட்டால் ஆபத்து. பிறகு கூலண்ட் வழக்கமாக வெளியேறும் பக்கத்தில் தோட்டத்து ஹோஸை வைத்து, மெதுவாகத் தண்ணீர் விடுகிறார். தலைகீழாக ஏன்? வந்த திசையிலேயே தள்ளினால் அழுக்கு இன்னும் இறுகும். எதிர்த்திசையில் தள்ளினால் கழன்று வரும். மறுபக்கம் காப்பி நிறத்தில் தண்ணீர் கொட்டும். அது தெளியும்வரை விட வேண்டும். அவசரப்பட்டு ஹோஸை முழு வேகத்தில் திறந்தால், பழைய குட்டி ரேடியேட்டர் ஒழுக ஆரம்பிக்கலாம். அதை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும். எந்த மெக்கானிக்கும் சந்தோஷப்படும் வேலை அல்ல அது!

கடைசியாக ஒரு புதிர். கோடை வெயிலில் மலை ஏறும்போது எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடானால், அனுபவசாலி ஓட்டுநர்கள் ஹீட்டரை முழுதாகத் திறந்துவிடுவார்கள். ஏன் சொல்லுங்கள்? குட்டி ரேடியேட்டரும் சேர்ந்து எஞ்சினின் சூட்டை இறக்கத் தொடங்குகிறது. உள்ளே இருப்பவர்களுக்கு வியர்த்துக் கொட்டும். எஞ்சின் தப்பிக்கும்!