கூடாத எலும்பைக் கூட்டுதல்

உடைந்த பாத்திரத்தைப் பற்றவைக்கக் கம்மியன் வேண்டும். முறிந்த எலும்போ தானே கூடிக்கொள்ளும் இயல்புடையது. முனைகளை நேராகப் பொருத்தி அசையாமல் நிறுத்திவைப்பதே பெரும்பாலும் வைத்தியரின் பணி. முறிந்த இடத்தில் கசிந்த இரத்தம் முதலில் உறைகிறது. அவ்வுறைவினுள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் படர்கின்றன. பின்னர் மென்மையான இணைப்புத் திசு தோன்றி, அதில் சுண்ணாம்புச் சத்துப் படிந்து, நாளடைவில் கெட்டியான எலும்பாகிறது.

எனினும் சிலருக்கு மாதங்கள் பல கடந்தும் எலும்பு கூடுவதில்லை. ஒன்பது மாதங்களாகியும், அவற்றுள் கடைசி மூன்று மாதங்களில் எக்ஸ்ரே படத்தில் முன்னேற்றம் ஏதும் தென்படாவிடில், அதனைக் கூடா முறிவெனக் கொள்வது நிபுணரிடையே உள்ள வழக்கங்களுள் ஒன்று.

முழங்காலுக்குக் கீழே, டிபியா எனப்படும் முன்புறப் பேரெலும்பில் இத்தொல்லை மிகுதியாக நேருகிறது. அவ்வெலும்பின் உட்பக்கத்தை மூடியிருப்பது தோல் மட்டுமே. தசைப் போர்வை அங்கு இல்லை. ஆகையால் வாகன விபத்துக்களில் எலும்பு எளிதில் தோலைக் கிழித்து வெளிப்படுகிறது. அழுக்கும் கிருமிகளும் உட்புகுகின்றன. அதன் கீழ்ப்பகுதிக்கு இரத்த ஓட்டமும் குறைவு. புகை பிடித்தலும் நீரிழிவும் எலும்பு கூடுவதை மேலும் தாமதப்படுத்துகின்றன.

கூடா முறிவுகள் யாவும் ஒரு தன்மையன அல்ல. சிலவற்றில் முனைகள் யானையின் பாதம்போல் விரிந்து புதிய எலும்பு திரண்டிருக்கும். ஆனால் இடையேயுள்ள பிளவு மூடியிராது. உயிர்ச்சத்து நிறைந்திருந்தும் அசைவினால் கூடாதவை இவை. இவற்றிற்கு உறுதியான பிடிப்பே மருந்து. ஜெர்மானிய நிபுணர் கெர்ஹார்ட் கூன்ச்சர் 1940இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றி, எலும்பின் நடுக்குழலில் உலோகத் தண்டைச் செலுத்தலாம். அன்றி உலோகத் தகட்டைத் திருகாணிகளால் பொருத்தலாம். முன்னரே செலுத்திய தண்டு மெல்லியதாயின், குழலைக் கடைந்து பருமனான தண்டை இடுவதுண்டு.

வேறு சிலவற்றில் முனைகள் தேய்ந்து கூர்மையாகக் காணப்படும். புதிய எலும்பின் அறிகுறியே இராது. இங்கே பிடிப்பு மட்டும் போதாது. ரண சிகிச்சை நிபுணர், உயிரற்ற பகுதியை இரத்தம் கசியும்வரை செதுக்கி நீக்குகிறார். பின்னர் நோயாளியின் இடுப்பெலும்பிலிருந்து நுண்துளைகள் நிறைந்த எலும்புத் துணுக்குகளை எடுத்து அங்கு நிரப்புகிறார். அத்துணுக்குகள் உயிரணுக்களைக் கொணர்வதோடு, புதிய எலும்பு படர்வதற்குப் பந்தலாகவும் அமைகின்றன.

இவ்விரண்டினும் கடியது, சீழ் பிடித்த முறிவு. நோயுற்ற எலும்பை முற்றும் நீக்கினாலன்றிக் கிருமிகள் ஒழியா. நீக்கினாலோ பெரிய இடைவெளி விழுகிறது. காலையே துண்டிக்க நேருமோ என நோயாளியும் வைத்தியரும் அஞ்சும் நிலை இதுவே. இவ்விடத்தில் பெருந்துணையாக அமைந்தது மேற்குச் சைபீரியாவின் குர்கான் நகரில் பணியாற்றிய கவ்ரீல் இலிசாரோவ், 1951இல் அமைத்த கருவி. காலைச் சுற்றி உலோக வளையங்கள் நிற்கும். முறுக்கி இழுக்கப்பட்ட மெல்லிய கம்பிகள் எலும்பினூடே சென்று அவற்றோடு பிணையும். மரையிட்ட தண்டுகள் வளையங்களை இணைக்கும்.

நல்ல எலும்பை ஓரிடத்தில் கவனமாக வெட்டிச் சில நாட்கள் பொறுத்து, அத்துண்டை நாளொன்றுக்கு 1 மில்லி மீட்டர் வீதம், நான்கு தவணைகளில், இடைவெளியை நோக்கி நகர்த்துவர். அது விட்டுச்சென்ற இடத்தில் புதிய எலும்பு வளர்கிறது. 6 சென்டிமீட்டர் இடைவெளியை நிரப்ப நகர்த்துதலே இரண்டு மாதங்களாகும். புதிய எலும்பு கெட்டிப்பட மேலும் பல மாதங்கள் வேண்டும்.

1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் உயரத் தாண்டுதலில் தங்கம் வென்ற சோவியத் வீரர் வலேரி புருமெல், மறு ஆண்டு மோட்டார் சைக்கிள் விபத்தில் வலது காலை முறித்துக்கொண்டார். பல ரண சிகிச்சைகள் செய்தும் பயனில்லை. கால் குட்டையாகவும் ஆயிற்று. 1968இல் இலிசாரோவ் அவருக்குச் சிகிச்சை செய்தார். புருமெல் நடந்ததோடு நில்லாமல், மீண்டும் 2 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தைத் தாண்டினார். 1981இல் இலிசாரோவ் இத்தாலியில் சொற்பொழிவாற்றிய பின்னர் இம்முறை மேற்கு நாடுகளில் பரவியது. இன்று இந்தியாவிலும் கையாளப்படுகிறது.

இச்சிகிச்சையில் நோயாளிக்கும் பெரும் பங்குண்டு. கம்பிகள் தோலில் நுழையும் இடங்களை நாள்தோறும் தூய்மை செய்தல், குறித்தபடி மரைகளைத் திருகுதல், வைத்தியர் கூறும் அளவுக்குக் காலை ஊன்றி நடத்தல், புகையிலையை அறவே விடுதல் ஆகியன அவர் கடமைகள். கூடாத எலும்பைக் கண்டதும் கால் போயிற்றென மனந்தளர வேண்டியதில்லை. குறைந்திருப்பது பிடிப்பா, உயிர்ச்சத்தா, அன்றி முறிவில் கிருமி குடிகொண்டுள்ளதா எனத் தெளிந்து, அதற்கேற்ற சிகிச்சையைப் பொறுமையோடு செய்யின், பெரும்பாலான கால்களைக் காப்பாற்றலாம்.