ஆறு இலக்கங்களின் காவல்

இடம்பெயர்ந்து வாழும் குடும்பத்துக்குக் கைத்தொலைபேசி ஓர் ஆடம்பரப் பொருள் அன்று. பிரான்சில் இருக்கும் மகனின் முகத்தைக் காண்பதும், கமநல சேவை நிலையத்தில் பசளை என்று கொடுக்கிறார்கள் என அறிவதும், காணி உறுதியின் படத்தைச் சட்டத்தரணிக்கு அனுப்புவதும் இன்று அதன் வழியாகவே நடைபெறுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை வாட்ஸ்அப் என்னும் ஒரே செயலியூடாக நடக்கின்றன. வீட்டுக்கு வாசல் ஒன்றுதான் என்றால், அந்த வாசலின் காவலை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

நடந்த ஒன்று

எமது பணித்தளத்தில் ஒரு தாய்க்கு, அவருக்குப் பழக்கமான ஒருவரின் இலக்கத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. "அம்மா, எனக்கு வரவேண்டிய ஆறு இலக்கம் தவறுதலாக உங்கள் தொலைபேசிக்கு வந்துவிட்டது. அதை அனுப்பிவிடுங்கள்" என்றிருந்தது. அறிந்தவர்தானே என்று அவரும் அனுப்பினார். சிறிது நேரத்தில் அவருடைய வாட்ஸ்அப் மூடிக்கொண்டது. அன்று மாலையே அவருடைய பெயரில், அவருடைய படத்தோடு, வெளிநாட்டிலுள்ள மகனுக்குச் செய்தி போனது: அப்பாவை ஆசுப்பத்திரியில் சேர்த்திருக்கிறோம், உடனே இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்பு.

மகன் அனுப்பினான். விடுவிக்கப்படவிருந்த தமது காணியில் கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கவும், நீரிறைக்கும் இயந்திரம் வாங்கவும் அவன் சேர்த்து வைத்த பணம் அது. திரும்பக் கிடைக்கவில்லை.

அந்தத் தாய் வெட்கத்தினால் இரண்டு நாட்கள் எவரிடமும் பேசவில்லை. அந்த இரண்டு நாட்களில் வேறு உறவினர்களுக்கும் அதே செய்தி போய்க்கொண்டிருந்தது. முதல் தவறு அறியாமையால் நேர்ந்தது. வெட்கப்பட்டு மறைத்ததால் இழப்பு இன்னும் பெருகியது.

இது எப்படி நடக்கிறது?

வாட்ஸ்அப் கணக்கு உங்கள் கையிலுள்ள கருவியோடு அல்ல, உங்கள் தொலைபேசி இலக்கத்தோடு கட்டப்பட்டது. ஒருவர் புதிய கருவியில் வாட்ஸ்அப்பை நிறுவி ஓர் இலக்கத்தைக் கொடுத்தால், அது உண்மையில் அவருடையதா என்று அறிய, அந்த இலக்கத்துக்கு ஆறு இலக்கங்கள் கொண்ட குறியீடு ஒன்று அனுப்பப்படுகிறது. அந்தக் குறியீட்டைச் சொல்பவரே உரிமையாளர் என்று நிறுவனம் எடுத்துக்கொள்ளும். ஆகவே, வேறொருவர் உங்கள் இலக்கத்தைப் போட்டால் குறியீடு உங்களிடம் வரும். அதை நீங்கள் கொடுத்தால் உங்கள் வீட்டுத் திறப்பைக் கொடுத்ததாகவே ஆகும்.

தவறுதலாக வந்த குறியீடு என்று ஒன்று இல்லை. உங்கள் தொலைபேசிக்கு வந்தது உங்கள் கணக்கின் திறப்பே. கேட்பவர் பங்குத்தந்தையாகத் தோன்றினாலும், வங்கியாகத் தோன்றினாலும், நிவாரணம் தருபவராகத் தோன்றினாலும் கொடுக்கக்கூடாது. உங்களுக்கு அறிந்தவரின் பெயரில் அச்செய்தி வருவதற்குக் காரணம், அவருடைய கணக்கும் முன்னரே இதே விதமாகப் பறிபோயிருப்பதுதான்.

பூட்டு எதைக் காக்கிறது?

வாட்ஸ்அப் 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கிய இருவரில் ஒருவரான ஜான் கூம், 1992இல் உக்ரேனிலிருந்து பதினாறு வயதில் தாயோடு குடிபெயர்ந்தவர். 2014இல் பேஸ்புக் நிறுவனம் அதை வாங்கியது. 2016 முதல், அனுப்புபவரும் பெறுபவரும் தவிர வேறெவரும், அந்த நிறுவனமும்கூட, செய்தியை வாசிக்க முடியாதபடி அது பூட்டப்பட்டுச் செல்கிறது.

இது நல்ல பூட்டுத்தான். ஆயினும் அது வழியில் செல்லும் கடிதத்தை மட்டுமே காக்கும். உங்கள் பெயரில் வேறொருவர் எழுதுவதை அது தடுக்காது. நீங்களே திறப்பைக் கொடுத்துவிட்டால் எந்தப் பூட்டாலும் பயனில்லை.

இன்றே செய்ய வேண்டியவை

1. இரண்டாவது பூட்டு: வாட்ஸ்அப்பில் 'செற்றிங்ஸ்', பின்பு 'எக்கவுண்ட்', பின்பு 'டூ ஸ்டெப் வெரிபிக்கேசன்' என்பதற்குள் சென்று, நீங்களே தெரிவு செய்யும் ஆறு இலக்கங்களைப் பதிவு செய்யுங்கள். பிறந்த ஆண்டையோ அடையாள அட்டை இலக்கத்தையோ பயன்படுத்த வேண்டாம். இதன்பின் முதல் குறியீடு பறிபோனாலும் திருடன் உடனே உள்ளே வர முடியாது.

2. வேறு கருவிகள்: 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். கடையில் அச்செடுக்கும்போது கணினியில் இணைத்த உங்கள் கணக்கு அங்கே இன்னும் திறந்திருக்கலாம். அறியாத கருவி எதுவாயினும் அதை அழுத்தி நீக்கிவிடுங்கள்.

3. சிம் அட்டை யார் பெயரில்? முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்த காலத்தில் பிறருடைய அடையாள அட்டையில் சிம் எடுத்தவர்கள் பலர். அட்டை தொலைந்தால் அதே இலக்கத்தைத் திரும்பப் பெறும் உரிமை பதிவுபெற்றவருக்கே உண்டு. இயலுமானால் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

4. இலக்கத்தை மாற்றினால்: கைவிடப்பட்ட இலக்கத்தைத் தொலைபேசி நிறுவனங்கள் பின்னர் வேறொருவருக்குக் கொடுப்பதுண்டு. எனவே பழைய சிம் கையில் இருக்கும்போதே 'சேஞ்ச் நம்பர்' என்ற வசதியால் கணக்கைப் புதிய இலக்கத்துக்கு மாற்றுங்கள். பிரதேச செயலகத்திலும் வங்கியிலும் கொடுத்த இலக்கத்தையும் மாற்ற மறவாதீர்கள்.

பறிபோய்விட்டால்

உடனே உங்கள் கருவியில் உங்கள் இலக்கத்தைப் போட்டுப் புதிய குறியீட்டைக் கேளுங்கள். அது உங்களுக்கே வரும். அதைப் பதிந்தவுடன் திருடன் வெளியே தள்ளப்படுவான். அவன் இரண்டாவது பூட்டைப் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே செல்ல ஏழு நாட்கள் காத்திருக்க நேரிடும். ஆனால் அந்த நாட்களில் அவனும் உள்ளே இருக்க முடியாது.

அதற்கு முன்பாகவே, சாதாரண அழைப்பில் பிள்ளைகளுக்கும் உறவினருக்கும் சொல்லிவிடுங்கள். பணம் போயிருந்தால் வங்கிக்கும் பொலிஸ் நிலையத்துக்கும் அன்றே அறிவியுங்கள். வெட்கப்பட வேண்டியவன் ஏமாற்றியவனே அன்றி ஏமாந்தவர் அல்லர். வீட்டில் எவரும் ஏமாந்தவரைக் கண்டிக்க வேண்டாம். கண்டித்தால் அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார்.

தந்தை ஈசாக்கின் பாடம்

தொடக்கநூலில், பார்வை மங்கிய ஈசாக்கு தம் மகன் ஏசா என்று எண்ணி யாக்கோபுக்கு ஆசி வழங்கியதை நாம் அறிவோம். குரல் வேறாக இருக்கிறதே என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. ஆயினும் தடவிப் பார்த்த கையின் உரோமத்தை நம்பினார். வாட்ஸ்அப்பில் தெரியும் பெயரும் படமும் அந்த உரோமம் போன்றவையே. எவரும் அவற்றை அணிந்துகொண்டு வரலாம்.

ஆகவே பணம் கேட்டு எவர் எழுதினாலும், முதலில் அழைத்துப் பேசுங்கள். இன்று குரலையும் கணினியால் போலியாகச் செய்யலாம் என்பதால், குடும்பத்தார் மட்டும் அறிந்த ஒரு கேள்வியை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எமது கிணற்றடியில் நின்ற மரம் எது? ஆடிக்கூழுக்கு அப்பாச்சி எந்தப் பானையை எடுப்பார்? விட்டுவந்த ஊரின் நினைவு இன்று பிள்ளைகளின் உழைப்புக்கும் காவலாக நிற்கட்டும்.