சாண்டியாகோவின் பாய்மரம்

வீரன் என்றதும் வெற்றி வாகை சூடியவனே நம் மனக்கண்முன் தோன்றுகிறான். வெறுங்கையுடன் கரை சேர்ந்த ஒருவனை வீரன் எனலாமா? 1952இல் வெளிவந்த எர்னஸ்ட் ஹெமிங்வேயின் ‘கிழவனும் கடலும்’ என்னும் குறுநாவல் எழுப்பும் வினா இதுவே.

சாண்டியாகோ, கியூபா நாட்டு முதிய மீனவன். 84 நாட்களாக அவனுக்கு ஒரு மீனும் அகப்படவில்லை. மறுநாள் நெடுந்தொலைவு சென்று, 18 அடி நீள மார்லின் மீனொன்றைத் தூண்டிலில் பிணிக்கிறான். இரு இரவுகள் போராடி அதனைக் கொல்கிறான். ஆயினும், திரும்பும் வழியில் சுறாக்கள் தின்றுவிட, எலும்புக்கூடே கரை சேர்கிறது.

பின்னர், பாய்மரத்தைத் தோளில் சுமந்து தடுமாறி மேடேறுகிறான். ஏசுநாதர் சிலுவை சுமந்த காட்சியை இதிற் காண்பர் திறனாய்வாளர். ஆசிரியரோ தம் கதையிற் குறியீடு ஏதுமில்லை என்றே அவ்வாண்டு ஒரு மடலில் எழுதினார். இவ்விரண்டையும் இணைத்துக் காணலாம் என்பது என் கருத்து. அப்பாய்மரம் முதலில் ஓர் ஏழையின் தொழிற்கருவி. எல்லாம் இழந்த அன்றும் அவன் அதனைக் கைவிடவில்லை. அதனாலேயே அது குறியீடாக உயர்கிறது.

அளவுக்கு மீறிச் சென்றது தன் பிழையென ஒப்புகிறான். கொன்ற மீனிடமே வருந்துகிறான். அவனுடைய புண்பட்ட கைகளைக் கண்டு அழும் சிறுவன் மனோலின், பெற்றோர் தடுத்தும், இனி அவனுடனேயே கடலேகத் துணிகிறான். மீன் போயிற்று, பிரிந்த மாணவன் மீண்டான்.

மாணவ நேயர்களே, இந்நூலைப் படிக்குங்கால் எலும்புக்கூட்டை அளப்பவரோடு நின்றுவிடாதீர்கள். அச்சிறுவனின் கண்ணீரையும் காணுங்கள்.