சிறு கருவியும் நெடுந்தூர அலையும்

மாடியிலுள்ள நீர்த்தொட்டி வற்றியதும், கீழேயுள்ள மோட்டாருக்குத் தானாகவே செய்தி சென்று அது ஓடத் தொடங்கினால் எத்துணை நலம்! டெல்லியிலும் மும்பையிலும் அடுக்குமாடி வீடுகளில் வாழும் நம்மில் பலர் இவ்வாறு எண்ணியிருப்போம். மின்னணுக் கருவிகளில் ஆர்வமுள்ள அன்பர்கள் சிலர் இதனைத் தம் கையாலேயே செய்து பார்க்கின்றனர். கம்பி வேண்டுவதில்லை, தொலைபேசி நிலையத்தின் தயவும் வேண்டுவதில்லை. உள்ளங்கையில் அடங்கும் ‘லோரா’ என்னும் வானொலிக் கருவிகள் இரண்டு இருந்தால் போதும். ஒரு வாட்டிலும் குறைந்த ஆற்றலைக் கொண்டே, அவை அனுப்பும் செய்தி வெட்டவெளியில் பல கிலோமீட்டர் செல்கிறது.

இஃது எங்ஙனம் இயலுகிறது? பிரான்ஸ் நாட்டின் கிரெனோபிள் நகரில் சைக்ளியோ என்னும் சிறு நிறுவனத்தார் வகுத்த முறை இது. 2012-இல் அமெரிக்காவின் செம்டெக் நிறுவனம் அதனை விலைக்கு வாங்கிற்று. இதில் அலை ஒரே அதிர்வெண்ணில் நிற்பதில்லை. சங்கீத வித்துவான் கீழ்ச் சுரத்திலிருந்து மேற்சுரத்துக்கு ஜாருவாக வழுக்கிச் செல்வதுபோல, ஓர் எல்லைக்குள் அதிர்வெண் சீராக ஏறிக்கொண்டே போகிறது. மண்டபத்தில் எவ்வளவு இரைச்சல் இருப்பினும் பழகிய காது அந்த ஜாருவை இனங்கண்டு கொள்ளுமன்றோ? அவ்வாறே, சூழ்ந்துள்ள இரைச்சலில் நூறில் ஒரு பங்கு ஆற்றலே உடைய சமிக்ஞையைக்கூட ஏற்பி பிரித்தறிந்துவிடுகிறது. இதற்கு நாம் கொடுக்கும் விலை வேகம். மிக நெடுந்தூரத்துக்கான அமைப்பில் வினாடிக்குச் சுமார் 300 பிட்டுகளே செல்லும். படம் அனுப்ப இது பயன்படாது. ‘தொட்டியில் கால் பங்கு நீர்’ என்று சொல்வதற்குத் தாராளம்.

ஆனால், தூரம் கூடக் கூடக் கேட்போரும் கூடுவர். நம் மோட்டாருக்கென அனுப்பிய கட்டளை அக்கம்பக்கமெங்கும் பரவுகிறது. அதே வகைக் கருவி உடையவர் எவரும் அதனைப் பிடிக்கலாம். ஆகவே செய்தியை மறைமொழியாக்கி அனுப்புகின்றனர். ‘லோராவான்’ என்னும் பொது நியதியில் இதற்கு 128 பிட் நீளமுள்ள சாவி உண்டு. அதனை ஒவ்வொன்றாக முயன்று கண்டுபிடிப்பது நடவாத காரியம். எனினும், பூட்டு எவ்வளவு வலியதாயினும் சாவி வாசற்படியில் கிடந்தால் என் செய்வது? பொழுதுபோக்காளரிடையே பரவியுள்ள ‘மெஷ்டாஸ்டிக்’ அமைப்பில், தொடக்கத்தில் தரப்படும் சாவி உலகறிந்த ஒன்று. முன்பின் அறியாதவரும் உரையாடுவதற்கென்றே அவ்வாறு வைத்துள்ளனர், அதில் குறையில்லை. நம் சொந்தச் செய்திக்கும் அதையே விட்டுவைப்பதுதான் பிழை.

மறைமொழியை உடைக்காமலே செய்யும் சூழ்ச்சியும் ஒன்றுண்டு. ‘மோட்டார் ஓடுக’ என்னும் கட்டளையை ஒருவன் பதிவு செய்து, நள்ளிரவில் அப்படியே திரும்ப ஒலிபரப்புகிறான். பொருள் அவனுக்குத் தெரியாவிடினும் மோட்டாருக்குத் தெரியும்! தொட்டி நிரம்பி வழியும். கீழ்த்தொட்டி வற்றினால் மோட்டாரின் சுருளும் கருகும். இதனைத் தடுக்கவே ஒவ்வொரு செய்திக்கும் தொடர் எண் இடுகின்றனர். ஏற்கெனவே கண்ட எண் மீண்டும் வந்தால் ஏற்பி அதனைத் தள்ளிவிடும். இங்கேதான் நம் ஊர்களின் மின்வெட்டு குறுக்கிடுகிறது. மின்சாரம் நின்று வந்ததும் எளிய கருவி பழைய எண்ணை மறந்து தொடக்கத்திலிருந்து எண்ணுகிறது. ஏற்பி அதனையும் தள்ளுகிறது. சலிப்புற்ற அன்பர் எண் சோதனையையே நிறுத்திவிடுகிறார்! அன்று முதல் பதிவு செய்த பழைய கட்டளைகள் யாவும் மீண்டும் செல்லுபடியாகும். கடைசி எண்ணை, மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில் எழுதிவைக்கச் செய்தலே முறை.

இன்னொன்று, செய்தியின் பொருளை மறைக்கலாம். அது எப்பொழுது புறப்பட்டது என்பதை மறைக்க இயலாது. நாள்தோறும் நீர் குறையக் குறையச் செய்தி அனுப்பும் வீடு, கோடை விடுமுறையில் நாம் ரயிலேறிச் சொந்த ஊருக்குச் சென்றதும் மௌனமாகிவிடும். வீடு பூட்டிக் கிடப்பதை அந்த மௌனமே அறிவித்துவிடும். நீர்மட்டம் மாறினும் மாறாவிடினும் ஒரே கால இடைவெளியில், ஒரே நீளமுள்ள செய்தி அனுப்புமாறு கருவியை அமைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை.

வாங்குகையில் அதிர்வெண்ணையும் பார்த்து வாங்க வேண்டும். நம் நாட்டில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியை, 1 வாட்டுக்கு மிகாத ஆற்றலில், தனி உரிமமின்றிப் பயன்படுத்த 2005-இல் விலக்கு அளிக்கப்பட்டது. அமெரிக்காவுக்கெனச் செய்த கருவிகள் 902 முதல் 928 வரை இயங்குவன. இங்கோ 890 முதல் 915 வரையுள்ள பகுதியில் கைபேசிகள் தம் நிலையங்களுக்குச் செய்தி அனுப்புகின்றன. மலிவாகக் கிடைக்கிறதென்று அத்தகைய கருவியை மாடியில் நிறுவினால், அண்டை வீட்டாரின் தொலைபேசிப் பேச்சுக்கு இடையூறு விளையக்கூடும்.