வாஷிங்டன் என்னும் பெயர்

தமிழ் மக்களுட் பெரும்பாலார்க்குக் குடிப்பெயர் என்பதொன்று இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே நிறுத்தி, அதன்பின் நம் பெயரை எழுதுகின்றோம். அடுத்த தலைமுறையில் அவ்வெழுத்தும் மாறிவிடும். மேனாட்டு விண்ணப்பத்தாள் ஒன்று கைக்கு வந்து, 'குடிப்பெயர் யாது?' என வினவுங்கால், நம்மிற் பலர் தந்தையின் பெயரையே குடிப்பெயராக்கி எழுதி அனுப்புவது இதனாலேதான். ஆங்கிலேயர்க்கோ குடிப்பெயர் தலைமுறை தலைமுறையாக மாறாது வருவது. அங்ஙனம் வந்த பெயரொன்று, தான் பிறந்த ஊரை நீங்கிக் கடல் கடந்து, நகர் மீதும் மலை மீதும் நாட்டின் மீதும், தன் குடியோடு யாதோர் உறவுமில்லாத பெருந்திரளான மக்கள் மீதும் ஏறியமர்ந்த வரலாறு சுவையுடையது. ஓரிடத்தில் நெஞ்சை வருத்துவதும் ஆகும். அப்பெயர் வாஷிங்டன்.

இங்கிலாந்தின் வடகீழ்ப் பகுதியில், பழைய டர்ஹம் மாவட்டத்தின் எல்லைக்குள், வாஷிங்டன் என்றோர் ஊர் இன்றும் உண்டு. ஈற்றில் நிற்கும் 'டன்' என்பது வேலி சூழ்ந்த நிலத்தையும் அதனையடுத்த குடியிருப்பையும் குறித்த பழைய ஆங்கிலச் சொல்; நம் ஊர்ப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'குடி', 'பாடி' போல்வது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹெர்ட்பர்ன் என்னும் இடத்தினராகிய வில்லியம் என்பார் இவ்வூர் நிலத்திற்கு உரிமை பெற்றபோது, பழைய ஊர்ப்பெயரைக் களைந்து புதிய ஊர்ப்பெயரைப் பூண்டார். கோவூர் கிழார், அரிசில் கிழார், ஆவூர் மூலங்கிழார் என ஊரால் பெயர்பெற்ற புலவர்களைச் சங்கநூல்களிற் கண்ட நமக்கு இது புதுமையன்று. கிழார் என்னும் சொல்லும் உரிமையுடையார் என்றே பொருள்படும். ஆயினும், கோவூர் கிழாரின் வழியினர் கோவூரைவிட்டு அகன்ற பின்னும் அப்பெயரைச் சுமந்து திரிந்ததாக நாம் கேட்டதில்லை. வில்லியத்தின் வழியினர் சுமந்தனர். அவருள் ஒருவர் பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் அமெரிக்காவிலுள்ள வர்ஜீனியாவிற் குடியேறினார். அவருடைய கொள்ளுப்பேரரே 1732-ஆம் ஆண்டிற் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன்.

ஊரின் பெயர் ஆளுக்காயிற்று. இனி ஆளின் பெயர் ஊர்களுக்காயிற்று. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகருக்கு 1791-இல், அவர் உயிரோடிருந்தபோதே, அப்பெயர் இடப்பட்டது. அரசாங்கம் அந்நகருக்குக் குடிபெயர்ந்தது 1800-இல். அவர் மறைந்ததோ 1799 டிசம்பரில். ஆகவே அவருக்குப்பின் வந்த தலைவர் எல்லாரும் வாழ்ந்த அந்நகரில் ஆட்சி நடத்தும் பேறு அவர் ஒருவருக்கே வாய்க்கவில்லை. நியூ ஹாம்ப்ஷயரில் 6,288 அடி உயரமுள்ள மலைமுடி ஒன்றும், நாடெங்கும் முப்பது மாவட்டங்களும் இப்பெயர் தாங்குவன. மேற்குக் கடலோரத்து நாட்டின் செய்தி நகைப்புக்குரியது. அங்குக் குடியேறினோர் தம் பகுதிக்குக் 'கொலம்பியா' என்று பெயரிடுமாறு வேண்டினர். தலைநகர் அமைந்த கொலம்பியா வட்டாரத்தோடு மயங்கும் என்றஞ்சிய சட்டமன்றத்தார், 1853-இல், அதற்கு 'வாஷிங்டன்' என்று பெயரிட்டனர்! ஒரு மயக்கத்தை நீக்கப் புகுந்து அதனினும் பெரிய மயக்கத்தை விளைத்த அவ்வறிஞர்களின் பயனாக, நகரையா நாட்டையா கூறுகின்றீர் என்று கேட்க வேண்டிய நிலை இன்றளவும் நீங்கவில்லை.

ஜார்ஜ் வாஷிங்டனுக்கு மக்கட்பேறில்லை. அவர்தம் உடன்பிறந்தாரின் வழியிலே பெயர் தொடர்ந்தது. அவ்வாறிருக்க, 2000-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடிமதிப்பில் வாஷிங்டன் என்னும் குடிப்பெயருடையார் 1,63,036 பேர் எனக் கணக்கிடப்பட்டது. அவருள் நூற்றுக்குத் தொண்ணூற்றின்மர் கறுப்பினத்தார். இஃது எங்ஙனம் நேர்ந்தது?

விடுதலைக்குப் போர் நடத்திய அப்பெருமகனார் அடிமைகளை உடையராயிருந்தார் என்பது மறைக்கத் தகாதது. 1799-இல் அவருடைய மவுண்ட் வெர்னன் பண்ணைகளில் 317 அடிமைகள் இருந்தனர். தமக்கே உரியரான 120-க்கு மேற்பட்டோரை விடுவிக்குமாறு அவர் இறுதி முறியில் எழுதிவைக்க, அவர்கள் 1801 ஜனவரி முதல் நாளில் விடுதலை பெற்றனர். எஞ்சியோருட் பெரும்பாலார் அவர் மனைவியின் முதற் கணவருடைய சொத்தைச் சேர்ந்தவர். அவர்களை விடுவிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. இருதிறத்தாரும் தம்முள் மணந்திருந்தமையால், கணவன் விடுதலையடைய மனைவியும் மக்களும் அடிமைகளாய் நின்ற வீடுகள் பல. பண்ணை பின்னர் அவர் தமையன் தம்பியர் மக்களுள் ஒருவரான புஷ்ராட் வாஷிங்டனுக்குச் சென்றது. உச்ச நீதிமன்றத்து நீதிபதியாகிய இவர் 1821-இல் 54 அடிமைகளை விற்றுவிட்டார். ஒரே குடியில், ஒரே பெயரில், இருவேறு நெஞ்சங்கள்.

ஆயினும் ஒரு பண்ணையின் மக்கள் இத்துணைப் பெருகியிருத்தல் இயலாது. 1865-இல் அடிமைத்தளை அறுந்தபோது, இலட்சக்கணக்கானோர் முதன்முறையாகத் தம் குடிப்பெயரை வெளிப்பட வழங்கலாயினர். ஆண்டைகள் அறியாதவாறு முன்னரே அதனைத் தம்முள் வழங்கியோரும் இருந்தனர். புதிதாகத் தெரிந்துகொண்டோரும் இருந்தனர். தெரிந்துகொண்டோர் பலர், அந்நாட்டின் பிறப்போடு பிணைந்த பெயரையே தம் புதுப்பிறப்புக்கும் உரியதாகக் கருதினர் போலும்.

அவருள் ஒருவர் புக்கர் என்னும் சிறுவர். உப்புக் காய்ச்சும் உலையில் உழைத்துக்கொண்டே பள்ளிக்குச் சென்ற அவருக்கு, ஆசிரியர் பெயர் அழைத்தபோது பெருங்கவலை பிறந்தது. ஏனைய சிறுவர்க்கெல்லாம் இரண்டு பெயர், சிலர்க்கு மூன்று. தமக்கோ ஒன்றே. தம் முறை வருவதற்குள் ஒன்றைத் தேர்ந்துகொண்டு, தாம் என்றும் அப்பெயராலேயே வழங்கப்பட்டவர் போல அமைதியாகப் 'புக்கர் வாஷிங்டன்' என்றார். அவர்தம் மாற்றாந்தந்தையாரின் முதற்பெயர் வாஷிங்டன் என்பதை நோக்க, அது வானத்திலிருந்து வந்ததன்று என்பது விளங்கும். தாய் தமக்கு இட்ட பெயரில் 'டாலிவர்' என்றொரு பகுதியும் இருந்ததெனப் பின்னர் அறிந்து, அதனை இடையிற் சேர்த்துக்கொண்டார். இவரே 1881-இல் டஸ்கீகீக் கல்விக்கழகத்தின் தலைமை ஏற்று அதனை வளர்த்த புக்கர் டி. வாஷிங்டன். தம் முன்னோரை எண்ணிப் பெருமிதம் கொள்வார் பலர். தம் வழியினர் பெருமிதம் கொள்ளத்தக்க பெயரைத் தாமே படைக்க எண்ணியதாக இவர் தம் வரலாற்றிற் குறிப்பர்.

இவருக்கு நூறாண்டு முன்னரே இப்பெயரை வேறு பொருளில் சுமந்தார் ஹாரி வாஷிங்டன். ஆப்பிரிக்காவிற் பிறந்து, ஜார்ஜ் வாஷிங்டனால் 1763-இல் விலைக்கு வாங்கப்பட்ட இவர், 1776-இல் தப்பியோடி ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். ஆண்டை விடுதலைக்கென்று ஆங்கிலேயரை எதிர்க்க, அடிமை விடுதலைக்கென்று ஆங்கிலேயரைச் சார்ந்தார்! போர் முடிந்தபின் நோவா ஸ்கோஷியா சென்று, 1792-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனிற் குடியேறினார். அங்கு நிலவரியின் பொருட்டு ஆட்சி செய்த ஆங்கிலக் குழுவினரை எதிர்த்து 1800-இல் மூண்ட கிளர்ச்சியிலும் கலந்து நாடுகடத்தப்பட்டார். வரியை வெறுத்துக் கிளர்ந்த வாஷிங்டன்கள் இருவராயினர். ஒருவருக்கு நகரங்கள் பெயர் பூண்டன, மற்றவரை அறிவார் சிலரே.

தலைநகருக்கும் இக்கதையிற் பங்குண்டு. நெடுங்காலம் தன்னாட்சியின்றிச் சட்டமன்றத்தின் கீழிருந்த அந்நகர், 1974-இல் தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றது. நூறாண்டுக்குப்பின் மக்கள் தேர்ந்த அம்முதல் மேயர், அடிமையொருவரின் கொள்ளுப்பேரர். பெயர் வால்ட்டர் வாஷிங்டன். வாஷிங்டன் நகரின் தலைவர் வாஷிங்டன் என்றதில் ஊரார் வியப்புற்றார்களோ இல்லையோ, நாம் வியக்கின்றோம்.

டர்ஹமிற் புறப்பட்ட இப்பெயர் தமிழ்நாட்டையும் எட்டாமல் விடவில்லை. 1999-இல் பிறந்த கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தருக்கு அது குடிப்பெயரன்று, இடுபெயர். அவர்தம் தந்தையார் வறிய சிறுவராயிருந்தபோது, பள்ளிக் கட்டணம் செலுத்தியும் சீருடை வாங்கித் தந்தும், மிதிவண்டியில் ஏற்றி விளையாட்டுத் திடலுக்கு அழைத்துச் சென்றும் பேணியவர், படையிலிருந்து ஓய்வுபெற்று அருகில் வாழ்ந்த ஒருவர். அவர் பெயர் வாஷிங்டன். மகன் பிறக்குமுன் அப்பெரியவர் மறைந்துவிட்டார்.