தையல் விட்டுப்போனால்…
தாதியர் உலகம் – 7

செராஸ், பண்டார் துன் ரசாக்கில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையை நம்மவர்கள் பலர் இன்றும் எச்.யு.கே.எம். என்றே சொல்கிறார்கள். மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தின் போதனா மருத்துவமனை அது. செராஸில் 1997 முதல் இயங்குகிறது. இப்படியொரு பெரிய மருத்துவமனையின் ஐசியுவில் உறவினரைப் பார்த்துவிட்டு வந்தவர்கள், கழுத்தோரம் தைத்து ஒட்டியிருக்கும் குழாயைக் கவனித்திருப்பீர்கள்.

கழுத்து, காறையெலும்பின் அடிப்புறம், தொடையிடுக்கு என ஏதோவொரு பெரிய சிரை வழியாக அது உள்ளே போகிறது. இரத்த அழுத்தத்தை ஏற்றும் நோராட்ரினலின் போன்ற மருந்து கையிலுள்ள சிறு சிரையிலிருந்து கசிந்தால் சதையே அழுகலாம். அதனால்தான் இந்த வழி. குழாயைப் போடுவது டாக்டர். தோலோடு தைப்பதும் பெரும்பாலும் அவரே. அதன்பின் இரவும் பகலும் அதைக் காப்பது மிஸ்ஸி, அதாவது தாதி.

தோலருகே எந்த சென்டிமீட்டர் கோடு தெரிகிறது என்று அவர் ஷிப்டுக்கு ஷிப்டு பார்த்து எழுதுகிறார். நேற்று 15, இன்று 12 என்றால் குழாய் 3 சென்டிமீட்டர் வெளியே வந்துவிட்டது. அதைத் திரும்ப உள்ளே தள்ளவே கூடாது. தோலிலுள்ள கிருமி நேராக இரத்தத்தில் கலந்துவிடும். அசையாமல் ஒட்டிப் பிடித்துக்கொண்டு டாக்டரை அழைக்க வேண்டும். தையல் அறுந்திருந்தால் தாதியே மறுபடி போடலாமா? அதற்கான பயிற்சியும் மருத்துவமனையின் எழுத்துமூல அனுமதியும் இருந்தால் மட்டுமே. அதிகாலை மூன்று மணிக்கு வார்டில் நிற்கும் இளம் தாதிக்கு இந்தப் பதில் கொள்கை ஏட்டில் தெளிவாக இருந்தாக வேண்டும். யாரையும் ஊகிக்க விடக்கூடாது.

தையல் துளையும் கிருமிக்கு ஒரு வாசல்தான். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டி, தையலில்லாத பிடிமானத்தைப் பரிந்துரைத்தது. கண்ணாடிபோன்ற டிரெஸிங்கை 7 நாளுக்கொரு முறையாவது மாற்ற வேண்டும். துணி டிரெஸிங் என்றால் 2 நாள். ஈரமானாலோ ஓரம் பிரிந்தாலோ உடனே மாற்ற வேண்டும். காய்ச்சலில் வியர்த்துக் கொட்டுபவருக்குத் துணியே மேல். நம் ஊர்ப் புழுக்கத்தில் இது சிறிய விஷயமல்ல.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு. 2001இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட், குழாய் போடும்போது செய்ய வேண்டிய ஐந்து வேலைகளை ஒரு தாளில் எழுதினார். டாக்டர் ஒன்றை விட்டாலும் தடுத்து நிறுத்தும் அதிகாரம் தாதிக்குக் கிடைத்தது. மிச்சிகன் ஐசியுகளில் இதைப் பின்பற்றிய முடிவுகள் 2006இல் வெளியாயின: ஆயிரம் குழாய்-நாளுக்கு 2.7ஆக இருந்த இரத்தத் தொற்றின் இடைநிலை அளவு மூன்றே மாதத்தில் பூஜ்யமானது. அந்தப் பட்டியலில் இருந்த கைகழுவலும் குளோர்ஹெக்சிடின் கிருமிநாசினியும் அதற்கு முன்பும் இருந்தவைதான். “டாக்டர், நிறுத்துங்கள்” என்று ஒரு தாதி சொன்னால் நிர்வாகம் அவர் பக்கம் நிற்கும் என்ற உறுதிதான் புதிது. மூத்தவர்முன் வாய்திறக்கத் தயங்கும் நம் சூழலில் அந்த ஒரு வரி கொள்கையில் கட்டாயம் வேண்டும்.

வீட்டாருக்கும் வேலை உண்டு. நோயாளியைப் புரட்டும்போது குழாய் இழுபடாமல் பாருங்கள். “இது இன்னும் தேவையா?” என்று தினமும் கேளுங்கள். தேவையில்லாத குழாயை எடுத்துவிடுவதும் மிச்சிகன் ஐசியுகள் பின்பற்றிய ஐந்து நடைமுறைகளில் ஒன்று.

அடுத்த வாரம்: டயாலிசிஸ் குழாயுடன் கிள்ளானுக்கு வீடு திரும்புகிறவர்கள்.