கீறலின் ஆழம்

பினாங்குத் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது ஜெலுத்தோங். அந்தப் பெயர் ஒரு மரத்தின் பெயர். பென்சில் செய்ய ஏற்ற மென்மையான மரம் அது. ஆனால், இக்கட்டுரை மரத்தைப் பற்றியதன்று. இரும்பையும் அதன்மேல் பூசிய சாயத்தையும் பற்றியது. கடலோர ஊர்களில் வாகனம் வைத்திருப்போருக்குச் சாயத்தில் விழும் கீறல் ஓர் அழகுக் குறை மட்டுமன்று. உப்புக் காற்றுக்கு அது திறந்து வைத்த கதவு.

குதிரை ஏற்றும் இழுவண்டியை எடுத்துக்கொள்வோம். 1864-இல் தொடங்கப்பட்ட பினாங்கு குதிரைப் பந்தய மன்றத்தின் திடல், ஜெலுத்தோங்கிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், பத்து காந்தோங்கில் அமைந்தது. ஈப்போ, கோலாலம்பூர் திடல்களுக்குக் குதிரைகள் சாலை வழியாகவே பயணம் செய்தன. மகிழுந்தின் பின்னால் மாட்டி இழுக்கும் சிறிய குதிரை வண்டிகளைக் குதிரையேற்றப் பயிற்சி நிலையங்களில் இன்றும் காணலாம். இவ்வண்டி படும் அடி சாதாரண மகிழுந்துக்கு இல்லை. ஏறும்போது குளம்பு இடிக்கும். கயிற்றின் கொக்கி உரசும். டயர் தெறிக்கும் சரளைக்கல் முன்புறத்தைக் கொத்தும். தூசி படிந்த உடலை உலர்ந்த துணியால் துடைப்பதும் கீறலுக்கு ஒரு காரணம்தான். தூசி என்பது நுண்மணல். உலர்துணியோடு சேர்ந்தால் அது உப்புத்தாளைப் போல வேலை செய்யும்.

சாயம் ஒரே படலம் அன்று. உலோகத்தின்மேல் முதலில் துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் நிறப்பூச்சு, எல்லாவற்றுக்கும் மேலாக, ஒளி ஊடுருவும் பளபளப்புப் பூச்சு. மகிழுந்துகளில் இவை அனைத்தும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரோன் தடிப்புதான். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்றால், இரண்டு மயிரின் தடிப்புகூட உலோகத்தைக் காக்க மிச்சமில்லை என்பது புரியும்.

ஆகவே, கீறலைக் கண்டதும் சாய டப்பாவைத் தேடி ஓடக்கூடாது. கீறல் எந்தப் படலம் வரை இறங்கியிருக்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். இடத்தைச் சவர்க்கார நீரால் கழுவி, ஈரமாக இருக்கும்போதே பாருங்கள். ஈரத்தில் கீறல் மறைந்து, உலர்ந்ததும் திரும்பத் தெரிந்தால், பெரும்பாலும் பளபளப்புப் பூச்சு மட்டுமே காயப்பட்டுள்ளது. மெருகேற்றும் பசையை மென்மையான துணியில் எடுத்துத் தேய்த்தாலே போதும். விரல்நகத்தைக் கீறலின் குறுக்கே இழுக்கும்போது நகம் சிக்கினால், அது ஆழமானது. கீறலின் நடுவில் வேறு நிறமோ உலோகத்தின் பளபளப்போ தெரிந்தால், அடிப்பூச்சிலிருந்தே வேலையைத் தொடங்க வேண்டும்.

இரும்பு துருப்பிடிக்க நீரும் உயிர்வளியும் போதும். நீரில் உப்புக் கரைந்திருந்தால் மின்னோட்டம் எளிதாகச் செல்வதால் அவ்வினை விரைவு பெறுகிறது. பினாங்கின் காற்றில் ஈரப்பதமும் அதிகம். உலோகம் தெரிந்த கீறலை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என விட்டுவைத்தால், துரு சாயத்துக்கு அடியில் பக்கவாட்டில் பரவி, மேலே கொப்புளமாக எழும். அப்போது ஒரு கோட்டை அன்று, ஒரு முழுத் தகட்டையே சுரண்ட நேரும். அலுமினிய வண்டிக்கு இக்கவலை இல்லை என்பார் சிலர். அலுமினியம் சிவப்புத் துரு பிடிக்காது என்பது உண்மையே. ஆனால், உப்பு பட்ட இடத்தில் அதுவும் அரிக்கப்பட்டு வெண்பொடியாக உதிரும்.

ஆழமான கீறலைச் சரிசெய்ய, முதலில் துருவை முற்றிலும் நீக்க வேண்டும். துருவின்மேல் பூசிய சாயம் நிற்காது. பின்னர் ஓரங்களை 800, 1000 எண் உப்புத்தாள்களால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். எண் கூடக் கூடத் தாள் நுண்மையாகும். அடிப்பூச்சு, நிறம், பளபளப்பு என ஒவ்வொன்றையும் மெல்லிய படலங்களாகப் பூசி, ஒன்று உலர்ந்த பின்னரே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். அவசரத்தில் ஒரே தடவையில் தடிப்பாகப் பூசினால் சாயம் வழியும். மழைவரும் மாலையில் இவ்வேலை வேண்டா. கரைப்பான் விரைந்து ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து, சாயம் வெண்மை பூத்துவிடும்.

நிறக்குறியீடு சரியாக இருந்தும் புதிய சாயம் தனித்துத் தெரிகிறதே என்று பலர் குறைபடுவர். வெயிலில் மங்கிய பழைய சாயத்தின் நடுவே புதியது அப்படித்தான் தெரியும். சாயத்தின் மீது பிழையில்லை. பெரிய பரப்பாக இருந்தால் பட்டறையில் ஒப்படைப்பதே நல்லது. கடினமாக்கி கலந்து தெளிக்கும் இருகூட்டுச் சாயங்களில் ஐசோசயனேட் என்னும் வேதிப்பொருள் உண்டு. அதன் புகையைச் சுவாசிப்போருக்கு ஆஸ்துமா வரக்கூடும். அதற்கேற்ற சுவாசக் கவசமும் காற்றோட்ட அறையும் இல்லாமல் வீட்டு முற்றத்தில் அதைத் தெளிக்கக்கூடாது.

வண்டியின் உட்புறத்துக்குத் தனிக் கவனம் வேண்டும். குதிரை சுவரை நக்கும், பலகையைக் கடிக்கும். பழைய வண்டிகளின் சாயத்தில் ஈயம் கலந்திருக்க வாய்ப்புண்டு. உதிரும் அத்தகைய சாயம் குதிரைக்கு நஞ்சு. அதை உலர்நிலையில் தேய்த்துத் தூசியாக்குவது தேய்ப்பவருக்கும் கேடு. புதுச்சாயம் பூசியிருந்தால் மணம் முழுவதும் போகும்வரை குதிரையை ஏற்றக்கூடாது.

இன்னும் ஓரிடம் உண்டு. வெளியே பளபளக்கும் வண்டியிலும் அதுதான் முதலில் கெடும். தரையில் விரித்த ரப்பர் விரிப்பின் அடியில் குதிரையின் சிறுநீர் தேங்கும். அது மரப்பலகையை உளுக்கச் செய்யும், உலோகத்தையும் அரிக்கும். பந்தயக் குதிரை ஒன்றின் எடை ஏறத்தாழ 500 கிலோகிராம். எனவே, வெளிக்கீறலைச் சரிசெய்யும் நாளில் விரிப்பையும் தூக்கி, கழுவி உலர்த்தி, தரையைத் திருப்புளியின் முனையால் ஆங்காங்கே குத்திப் பார்க்க வேண்டும். முனை உள்ளே இறங்கினால், தரையை மாற்றும்வரை அவ்வண்டியில் குதிரை ஏறக்கூடாது.